1806: செகந்திராபாத்தின் பிறந்தநாளில் விடுபட்டவர்கள்

செகந்திராபாத்தை அறிமுகப்படுத்தும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: 1806-ஆம் ஆண்டு மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் இந்நகரம் உருவாயிற்று. சுற்றுலாக் கையேடு, பள்ளிக் கட்டுரை, நாளிதழ்ச் சிறப்புப் பக்கம் என எங்கும் இவ்வாக்கியம் உண்டு. இதனைத் தொடர்ந்து ஹுசைன் சாகர் ஏரியும், பாளையத்தின் அகன்ற சாலைகளும், பழைய தேவாலயங்களும் வரிசையாக வரும். மன்னர் ஒருவர் மனமுவந்து இடம் அளித்தார், விருந்தினர் வந்து தங்கினர், நகரம் வளர்ந்தது என்ற எண்ணமே வாசிப்பவர் மனத்தில் எஞ்சுகிறது.

2006-ஆம் ஆண்டில் அந்நகரம் தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. அதே ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டில் வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டு, இந்திய அஞ்சல் துறை நினைவுத் தபால்தலை வெளியிட்டது. ஒரே 1806-க்கு இரண்டு விழாக்கள். ஓரிடத்தில் கும்பினியின் படை வந்து தங்கியது விழாவுக்குரிய செய்தி. மற்றோரிடத்தில் அதே கும்பினிக்கு எதிராக அதே படையின் சிப்பாய்கள் எழுந்தது விழாவுக்குரிய செய்தி. இரண்டும் ஒரே படையின் கதை என்பதை இரு தரப்பு வரலாற்றுப் பெருமைகளும் வசதியாக மறந்துவிட்டன. இந்த மறதி தற்செயலானது என்று விட்டுவிட முடியாது.

முதலில் 'அளித்தார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1798 செப்டம்பர் 1 அன்று நிஜாம் அலி கானும் கும்பினியும் செய்துகொண்ட துணைப்படை ஒப்பந்தத்தின்படி, கும்பினியின் ஆறு பட்டாளங்கள் நிஜாமின் நாட்டில் நிலையாகத் தங்கின. அவற்றின் செலவுக்காக ஆண்டுக்கு 24,17,100 ரூபாய் நிஜாமின் கருவூலத்திலிருந்து செல்ல வேண்டும். பிரெஞ்சுத் தளபதி ரேமோன் உருவாக்கியிருந்த நிஜாமின் சொந்தப் படை அதே ஆண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டது. தனக்கென்று இருந்த படையை இழந்து, பிறருடைய படைக்கு வாடகை கட்டும் நிலைக்கு ஓர் அரசு வந்து சேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1800 அக்டோபர் 12 அன்று, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படை எட்டுப் பட்டாளங்களாகவும் இரண்டு குதிரைப்படைப் பிரிவுகளாகவும் பெருகியது. ரொக்கத்துக்குப் பதிலாக நிலமே கேட்கப்பட்டது. மைசூர்ப் போர்களின் முடிவில் 1792-இலும் 1799-இலும் நிஜாமுக்குக் கிடைத்த பகுதிகள் அனைத்தும் கும்பினிக்குச் சென்றன. பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை ஆகியவை அவ்வாறு சென்னை மாகாணத்துடன் இணைந்தவை. தெலுங்கில் 'தத்த மண்டலம்' என்று பெயர் பெற்று, 1928-க்குப் பின் இராயலசீமை என்று அழைக்கப்படும் நிலப்பரப்பு இதுவே. அங்கே தாமஸ் மன்றோ முதன்மைக் கலெக்டராக அமர்ந்து நிலவரி வசூலித்தார். ஹுசைன் சாகருக்கு வடக்கே விரிந்த கூடாரங்களின் விலையை வறண்ட சீமையின் குடியானவர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தினர். 1806-இல் சிக்கந்தர் ஜா தம் பெயரைச் சூட்டியது, எட்டு ஆண்டுகளாகத் தம் குடும்பம் கூலி கொடுத்துவந்த ஒரு படைப் பாளையத்துக்கே. இதனைக் கொடை என்று எழுதுபவர் ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் படிக்க மறுப்பவராகவே இருக்க வேண்டும்.

அந்தப் பாளையத்தில் தங்கியிருந்தோர் யார் என்பது அடுத்த கேள்வி. அதிகாரிகள் ஆங்கிலேயர். ஆனால் பட்டாளங்களின் பெரும்பகுதி சென்னைப் படையைச் சேர்ந்தது: தமிழ், தெலுங்கு, தக்காணி உருது பேசிய சிப்பாய்கள். அவர்களோடு மனைவி மக்கள், சமையற்காரர், துணி வெளுப்போர், மாட்டு வண்டிக்காரர், பல்லக்குத் தூக்கிகள், கடைக்காரர் என ஒரு பெருங்கூட்டம் வந்தது. செகந்திராபாத்தில் இன்று தமிழ் கேட்கிறதென்றால் அதன் ஒரு வேர் இந்தப் பாளையத்தில் உள்ளது. பட்டாளங்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றப்பட்டன. ஆகவே வேலூரில் ஒருவனுக்கு நேர்ந்த அவமானம் ஐதராபாத்தில் அவன் உறவினனுக்குச் செய்தியாக வந்து சேர்வது இயல்பே.

அவமானம் எதுவென்பது தமிழ் வாசகர்க்குத் தெரிந்ததே. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை அறிமுகமாயிற்று. அடுத்த சில மாதங்களில் வெளிவந்த நிலையாணைகள், சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றன. ஆணைக்குப் பொறுப்பானவர் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பென்டிங்க். 1806 மே மாதம் வேலூரில் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தவர்களுக்குச் சவுக்கடி தீர்ப்பாயிற்று. ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. கோட்டையின் தலைமை அதிகாரி ஃபான்கோர்ட்டும், 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரும் கொல்லப்பட்டனர். திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டபோது 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டனர். பின்னர் விசாரணையில் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர், சிலர் தூக்கிலிடப்பட்டனர்.

தமிழ்நாட்டில் சொல்லப்படும் வேலூர்க் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அதே ஜூலை மாதம் ஐதராபாத் துணைப்படையின் பாளையத்திலும் அதே ஆணைகள் அதே கசப்பை விளைவித்திருந்தன. அப்போதுதான் தலைமை ஏற்றிருந்த கர்னல் மான்ட்ரெசர் அங்கே கண்டது ஒழுங்கான அணிவகுப்புகளுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு படையை. வேலூர்ச் செய்தி எட்டியதும், ரெசிடென்ட் தாமஸ் சிடன்ஹாமுடன் கலந்து, சென்னையின் ஆணைக்குக் காத்திராமல் அவர் சர்ச்சைக்குரிய விதிகளைத் தம் பொறுப்பிலேயே நிறுத்திவைத்தார்.

கும்பினியின் அதிகாரபூர்வ விளக்கம் உண்மையானால் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். சிப்பாய்களின் குறை தலைப்பாகை மட்டுமே என்றால், தலைப்பாகை விலகியதும் குறையும் விலகியிருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. ஆணை திரும்பப் பெறப்பட்ட பின்னரும் பாளையத்தில் கூட்டங்களும் கிசுகிசுப்புகளும் தொடர்ந்தன. ஆகஸ்டு மாதத்தில் துணைப்படை முழுவதும் ஆயுதத்துடன் அணிவகுக்க ஆணையிடப்பட்டது. ஐரோப்பியப் படைப்பிரிவு தயார் நிலையில் நிறுத்தப்பட்டது. தூண்டியவர்கள் எனக் கருதப்பட்ட சுபேதார்கள் வரிசையிலிருந்து வெளியே அழைக்கப்பட்டு, கைது செய்யப்பட்டு, காவலுடன் மசூலிப்பட்டணத்துக்கு அனுப்பப்பட்டனர். சுபேதார் என்பது இந்தியச் சிப்பாய் அடையக்கூடிய உச்சப் பதவி. வாழ்நாள் முழுதும் உழைத்து அதனை எட்டியவனும், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழ்ப்படிந்தே நிற்க வேண்டும். படையில் ஆழ வேரூன்றிய மூத்தவர்களையே மான்ட்ரெசர் அகற்ற வேண்டியிருந்தது. தலைக்குப் புதிதாய் வந்த உறுத்தல் ஒன்றே காரணமாயிருந்தால், கழுத்து நரைத்த சுபேதார்கள் அந்த அணியின் முன்னே நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்நாட்களில் பாளையத்திலும் நகரத்திலும் உலவிய வதந்திகளை ஆங்கிலேயர் தாமே எழுதிவைத்துள்ளனர். முசி ஆற்றங்கரையில் தலையற்ற உடல்கள் கிடக்கின்றன. பரங்கியர் கட்டும் கோயிலுக்கு மனிதத் தலைகள் பலியாகத் தேவைப்படுகின்றன. அதற்காகவே இந்தியரைக் கொல்கிறார்கள் என்பன அவை. பின்னாளைய ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் இவற்றை மூடத்தனத்தின் சான்றாகக் காட்டினர். பாலம் நிற்கப் பிள்ளைப் பலி கேட்கும், அணை நிற்க உயிர் கேட்கும் என்ற பேச்சைத் தமிழகத்தின் எந்தக் கிராமத்திலும் கேட்டிருக்கலாம். அத்தகைய பேச்சு, பெரிய கட்டுமானம் எளியவரின் உடலைத் தின்று எழுகிறது என்ற அனுபவத்தின் வடிவம். அதே ஆண்டுகளில் முசியின் வடகரையில் ரெசிடென்சி மாளிகை உயர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பியப் பாணித் தூண்களும் அகன்ற படிக்கட்டும் கொண்ட அந்த மாளிகைக்கான பணம் நிஜாமுடையது. அதில் குடியேறியவர் கும்பினியின் பிரதிநிதி. வதந்தி செய்தியில் பொய்யாயிருக்கலாம். யார் யாரை உண்டு கொழுக்கிறார் என்பதில் அது தவறவில்லை.

அரண்மனையிலும் அதே 1806 வேறொரு முகத்தைக் காட்டியது. சிக்கந்தர் ஜா கும்பினியின் பிடியிலிருந்து சற்றேனும் விலக விரும்பினார். ஆங்கிலேயருக்கு வேண்டியவரான திவான் மீர் ஆலமை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலேயர் பகையெனக் கருதிய ராஜா மஹிபத்ராமை அருகில் வைத்துக்கொண்டார். கல்கத்தாவில் அப்போது கவர்னர் ஜெனரல் பொறுப்பிலிருந்த சர் ஜார்ஜ் பார்லோ, இந்திய அரசுகளின் உள்விவகாரங்களில் தலையிடாமை என்னும் கொள்கைக்குப் பேர் பெற்றவர். ஐதராபாத்துக்கு மட்டும் அக்கொள்கை பொருந்தவில்லை. மீர் ஆலமுக்கு அதிகாரம் திரும்ப வேண்டும், மஹிபத்ராம் தலைநகரை விட்டு அகல வேண்டும் என்ற கோரிக்கை ரெசிடென்ட் வழியாக வந்தது. நிஜாம் பணிந்தார். தம் நாட்டின் திவான் யார் என்பதைத் தாமே முடிவுசெய்ய இயலாத ஒரு மன்னர், அதே ஆண்டில் தம் பெயரை ஒரு பாளையத்துக்கு 'அளித்தார்'. இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால், பெயர் யாருடையது, அதிகாரம் யாருடையது என்பது விளங்கும்.

இங்கே தமிழ்நாட்டு எழுத்தாளர் சிலரின் பழக்கத்தையும் விட்டுவைக்க இயலாது. வேலூரை 'முதல் இந்திய விடுதலைப் போர்' என்று முழங்குவோர், 1857-ஐ விட அரை நூற்றாண்டு முந்தியது என்ற ஆண்டுக் கணக்கோடு நிறைவடைகின்றனர். யாருடைய ஊர் முதலில் எழுந்தது என்ற போட்டியில் சிப்பாய் காணாமல் போகிறான். வேலூர் எழுச்சியின் தனிச்சிறப்பை மெய்ப்பிக்கும் வலுவான சான்று அதன் கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கிறது. ஐதராபாத், வாலாஜாபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை எனப் படை தங்கிய பல ஊர்களில் 1806-இன் பிற்பாதியில் கலக்கமோ கலக அச்சமோ பதிவாகியுள்ளது. ஒரு மாகாணத்தின் படை முழுதும் பரவிய மனமுறிவை ஓர் ஊரின் வீரக் கதையாகச் சுருக்குவது, அதனைப் பெரிதாக்குவதற்குப் பதில் சிறிதாக்குகிறது.

எதிர்த்தரப்பின் கேள்வி ஒன்று உண்டு: ஐதராபாத்தில் துப்பாக்கி வெடிக்கவில்லையே, கோட்டை பிடிபடவில்லையே, நடவாத புரட்சிக்கு எதற்கு நினைவு? நியாயமான கேள்வி. ஐதராபாத்தில் நடந்ததைப் போர் என்று எழுதுவது பொய்யாகும். ஆனால் நடவாமல் போனது ஏன் என்பதும் வரலாறே. அதிகாரி ஒருவர் மேலிடத்து ஆணையைத் தாமே நிறுத்திவைக்கும் அளவுக்குச் சிப்பாய்களின் எதிர்ப்பு வலுவாயிருந்தது. ஆயுதம் எடுக்காமலேயே அவர்கள் ஓர் ஆணையை வீழ்த்தினர். அதற்கு அவர்களில் சிலர் சிறையைக் கூலியாகப் பெற்றனர். வென்ற எதிர்ப்பு ஓசையின்றி முடிந்ததால் மறக்கப்பட வேண்டும் என்பது விந்தையான நீதி.

நினைவு என்பது நகரத்தில் இல்லாத பொருளன்று. கோட்டியில், 1857 ஜூலை 17 அன்று ரெசிடென்சியைத் தாக்கிய துர்ரேபாஸ் கானையும் மௌல்வி அலாவுதீனையும் போற்றும் நினைவுச் சின்னம் நிற்கிறது. செகந்திராபாத்தின் மக்கள் வழக்குப் பெயர் 'லஷ்கர்', அதாவது படைப் பாளையம். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் நிகழும் லஷ்கர் போனாலு விழாவின் மூலக்கதை, படையில் பல்லக்குத் தூக்கியாக இருந்த சுரிட்டி அப்பையாவைச் சார்ந்தது. 1813-இல் காலரா பரவியபோது உஜ்ஜயினியில் பணியிலிருந்த அவர் மகாகாளியை வேண்டிக்கொண்டு, 1815-இல் ஊர் திரும்பி அம்மனை நிறுவினார் என்பது மரபு. பல்லக்குத் தூக்கியின் பெயரை மக்கள் இருநூறு ஆண்டுகள் காத்துள்ளனர். அவருக்குப் பத்தாண்டுகள் முன் அதே பாளையத்திலிருந்து விலங்குடன் கிளம்பிய சுபேதார்களின் பெயரை அறிஞர்கள் காக்கவில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆண்டு விழாக்களை வேறு வகையிலும் நடத்தலாம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1803-இல் அந்நாடு பிரான்சிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு 'வாங்கியது'. அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை. அதனை அளந்தறியச் சென்ற லூயிஸும் கிளார்க்கும் பசிபிக் கடற்கரை வரை சென்று, 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்குத் திரும்பினர். அங்கே 'வாங்கியது', இங்கே 'அளித்தார்'. ஒரே காலத்தின் இரு சொற்கள் ஒரே வேலையைச் செய்தன. ஆனால் 2003 முதல் 2006 வரை அப்பயணத்தின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டபோது, 'பல குரல்களின் கூடாரம்' என்ற பெயரில் ஒரு மேடை பயணத்தின் வழியெங்கும் அமைக்கப்பட்டது. அப்பயணம் தங்களுக்கு எதன் தொடக்கமாயிற்று என்பதைப் பழங்குடியினர் அங்கே தம் வாயால் உரைத்தனர். அம்மேடை இழந்த நிலத்தை மீட்டுத் தந்துவிடவில்லை. எனினும் விழாவின் நடுவே எதிர்க்குரலுக்கு ஓர் இருக்கை இருந்தது. செகந்திராபாத்தைப் பற்றிய வழக்கமான வாக்கியத்தில் அத்தகைய இருக்கை இன்றளவும் இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கப்படலாம். ஒரு நகரம் தன்னைப் பரிசாகப் பிறந்தது என்று நம்பும்போது, அதனைக் கட்டியவர்கள் நன்றிக்கடன் பட்டவர்களாக மாறிவிடுகின்றனர். தத்த மண்டலத்தின் வரி, சிப்பாயின் உழைப்பு, பாளையத்துப் பெண்களின் வாழ்வு ஆகிய அனைத்தும் மன்னர்-தூதர் நட்பின் பின்னணிக் காட்சியாகச் சுருங்குகின்றன. செகந்திராபாத்துத் தமிழரும் தம்மை 'பிழைக்க வந்தவர்' என்றே கருதப் பழகிவிட்டனர். அவர்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் படையுடன் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களிடையே 1806-இல் தலை நிமிர்த்தி நின்றவர்களும் இருந்தனர். அந்த வரலாறு அவர்களுக்குச் சொல்லப்படாதது இழப்பே.

வேலூரின் பின்விளைவாக 1807-இல் ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். பென்டிங்க் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே மீண்டு வந்தார். பாடநூல்கள் அவரைச் சீர்திருத்தவாதி என்று போற்றுகின்றன. அவருடைய ஆட்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு இரண்டாம் வாய்ப்பு எதுவும் தரப்படவில்லை. குறைந்தபட்சம் வரலாற்றிலேனும் அது தரப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஐதராபாத் துணைப்படை சென்னைப் படையின் பகுதி என்பதால், அதன் ஆவணங்களைத் தேட வேண்டிய இடங்களில் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஒன்று. நிஜாம் அரசின் பாரசீக ஆவணங்கள் தார்நாகாவிலுள்ள தெலங்கானா ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு கரையை மட்டும் படித்தவர்கள் மறுகரையை அறியாமல் எழுதிவருகின்றனர். இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் இணைந்து 1806-ஐப் பற்றிய இருபக்க ஆவணங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் தொகுத்து வெளியிட வேண்டும். பாளையப் பகுதியில், மசூலிப்பட்டணத்துக்கு அனுப்பப்பட்ட சுபேதார்களுக்கு ஒரு கல்லேனும் நடப்பட வேண்டும். பெயர்கள் ஆவணத்திலிருந்து மீளும் வரை அது பெயரற்ற கல்லாகவே நிற்கட்டும்.

அதுவரை செய்யக்கூடிய எளிய திருத்தம் ஒன்று உள்ளது. அடுத்த முறை செகந்திராபாத்தின் பிறப்பை எழுதுபவர் இவ்வாறு தொடங்கலாம்: நிஜாமின் பணத்தாலும் தத்த மண்டலத்தின் நிலத்தாலும் தாங்கப்பட்ட கும்பினிப் பாளையம் 1806-இல் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்றது, அதே ஆண்டு அப்பாளையத்துச் சிப்பாய்கள் கும்பினியின் ஆணையை ஏற்க மறுத்தனர். வாக்கியம் சற்று நீளம்தான். உண்மைக்கு அந்த நீளம் தேவைப்படுகிறது.